வட்ட ரம்பமும் மரத்தின் உள்விசையும்

பெங்களூருக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டின் எல்லையை அடுத்து ஆனேக்கல் அமைந்துள்ளது. இவ்வட்டத்தில் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் வளர்ந்துள்ளன. பண்டங்களை அனுப்ப மரப்பெட்டிகளும், வீடுகளுக்குக் கதவு சன்னல்களும் தேவைப்படும் இத்தகைய பகுதிகளில் தச்சருக்கு வட்ட ரம்பம் பெருந்துணையாகும். ஆயினும் அது பிழை பொறுக்காத கருவி. அதைக் கற்பிப்போர் ரம்பத்தின் இயல்போடு மரத்தின் இயல்பையும் விளக்குதல் வேண்டும்.

ரம்பத்தின் வேகம்

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரம்பம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 0.94 மீட்டர். விநாடிக்கு 50 சுற்றுகள் ஆதலின், பல்லின் வேகம் விநாடிக்கு 47 மீட்டர். அதாவது மணிக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மேசை ரம்பத்தில் முன்பக்கத்துப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசைமீது அழுத்துகின்றன. பின்பக்கத்துப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. பலகை அப்பற்களில் உராய்ந்தால், அவை அதைத் தூக்கி, அறுப்பவரை நோக்கி எறிந்துவிடும். பலகையின்மேல் இருந்த கையும் அப்போது ரம்பத்தின்மேல் விழக்கூடும். மேசை ரம்பத்தில் நேரும் கொடிய விபத்துகளுள் இது முக்கியமானது.

பலகை ஏன் உராய்கிறது?

மரம் உயிரற்ற கட்டையாகத் தோன்றினும் அதனுள் விசைகள் அடங்கியிருக்கின்றன. சீராக உலராத பலகையை நெடுக்கில் அறுக்கும்போது, அறுத்த தடம் பின்னே மூடிக்கொண்டு ரம்பத்தை நெருக்கலாம். யூகலிப்டஸ் மரத்தின் தன்மை வேறு. 1790ஆம் ஆண்டளவில் திப்பு சுல்தான் நந்தி மலையில் நடுவித்ததாகக் கூறப்படும் இம்மரம், பின்னர் மைசூர் நாடெங்கும் பரவியது. கன்னடத்தில் இதனை நீலகிரி மரம் என்பர். கர்நாடக அரசு 2017ஆம் ஆண்டில் இதனைப் புதிதாக நடுவதற்குத் தடை விதித்தது. வளரும் காலத்தில் இம்மரத்தின் வெளிப்பகுதி இழுவிசையிலும், நடுப்பகுதி அழுத்தத்திலும் நிற்கின்றன. அறுத்தவுடன் வெளிப்பகுதி சுருங்க முயல்வதால், இரு துண்டுகளும் வெளிப்புறமாக வளைந்து தடம் விரிகின்றது. விரிந்தால் நன்மைதானே எனத் தோன்றும். ஆனால் வழிகாட்டிச் சட்டம் ரம்பத்தையும் கடந்து நீண்டிருந்தால், வளையும் துண்டு அதில் முட்டி, ரம்பத்தின் பின்பற்களை நோக்கித் தள்ளப்படும்.

பரிகாரங்கள்

தடம் மூடாமல் காப்பது ரம்பத்தின் பின்னே நிற்கும் பிளவுக்கத்தி. இது ரம்பத் தகட்டைவிடத் தடித்தும், பற்கள் ஏற்படுத்தும் தடத்தைவிட மெலிந்தும் இருத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தைத் தழுவி எழுந்த விதிகள், மேசை மட்டத்தில் கத்திக்கும் பற்களுக்கும் இடையே 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என வகுத்தன. இந்த அளவு இன்றும் கடைப்பிடிக்கத் தக்கதே.

விரியும் மரத்திற்கு மற்றொரு வழி உண்டு. வழிகாட்டிச் சட்டத்தின்மீது ஒரு குட்டைப் பலகையைப் பொருத்தி, அது ரம்பத்தின் மையத்திற்கு நேராக முடியுமாறு அமைக்கலாம். அதற்கு அப்பால் துண்டு வளைய இடம் கிடைக்கும்.

பலகையின் கடைசி 300 மில்லிமீட்டரைக் கையால் தள்ளாது தள்ளுகோலால் தள்ளுக. ரம்பத்திற்கு நேர் பின்னே நில்லாது சற்று ஒதுங்கி நிற்க. சுழலும் ரம்பத்தருகே கையுறை ஆகாது; பல் அதைப் பற்றினால் கையையும் இழுத்துச் செல்லும். மரத்தூளும் தீங்கு தருவதே. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995ஆம் ஆண்டில் மரத்தூளைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் சேர்த்தது. ஆகவே முகமூடி அணிவது அவசியம்.

செம்மையான அறுப்பு

நெடுக்கில் அறுக்கப் பற்கள் குறைந்த ரம்பமும், குறுக்கில் அறுக்கப் பற்கள் மிகுந்த ரம்பமும் ஏற்றவை. நீளும் நாரின் துகள்கள் வெளியேறப் பற்களுக்கிடையே அகன்ற பள்ளம் வேண்டும். குறுக்கே வெட்டுகையில் நார் சிதையாதிருக்க நுண்ணிய வெட்டு வேண்டும். மேசை ரம்பத்தில் பலகையின் நல்ல முகம் மேலே இருக்கட்டும். கையில் பிடித்து ஓட்டும் ரம்பத்தில் பற்கள் கீழிருந்து மேலே ஏறுவதால், நல்ல முகம் கீழே இருத்தல் வேண்டும். தடத்தின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர்; ஒரே பலகையில் பத்து அறுப்புகள் அறுத்தால் 30 மில்லிமீட்டர் தூளாய்ப் போகும். அளவு குறிக்கும்போதே இதைக் கணக்கில் சேர்த்து, கோட்டின் கழிவுப் பக்கத்திலேயே ரம்பத்தை ஓட்ட வேண்டும்.

வகுப்பில் ஒரு சோதனை

விளிம்புகள் இணையாகவுள்ள பலகை ஒன்றைக் குறுக்கே அறுக்கவும். ஒரு துண்டை மட்டும் முகம் மாற்றிக் கவிழ்த்து, இரண்டையும் நேர்க்கோல் ஒன்றில் அணைத்து, வெட்டுமுகங்களைச் சேர்க்கவும். இடைவெளி இன்றேல் வெட்டு செங்கோணமே. இடைவெளி தோன்றின், அது உண்மைப் பிழையின் இருமடங்கு. கருவியைத் திருத்துமுன் மின்னிணைப்பை நீக்குவதை மாணவர் வழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

மைசூர் அரசு 1938ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவிய வன ஆராய்ச்சிக் கூடமே இன்றைய மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் தொடக்கமாகும். அத்தகைய கூடங்களில் ஆராய்ந்தறியும் மரத்தின் இயல்புகள் ஆனேக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகளைச் சென்றடைய வேண்டும். அவற்றைக் கொண்டு சேர்ப்போர் ஆசிரியரும் களப்பணியாளருமே. பலகை எப்பக்கம் வளையும் என்று முன்னறிந்து அறுக்கும் தச்சரின் விரல்கள் பத்தும் நிலைத்திருக்கும்.