கழித்தலில் “கடன்” எதற்கு?

மூன்றாம் ஆண்டு மாணவர்களின் கணக்கு ஏடுகளைத் திருத்தும்போது, 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதியிருப்பதை அடிக்கடி காண்கிறோம். இரண்டிலிருந்து எட்டு போகாது என்று கண்ட பிள்ளை, எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. இதனைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுதல் தகாது. “சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க இயலாது” என்று நாம் சொன்னதை அப்பிள்ளை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. 52 என்பதை ஓர் எண்ணாக அது காணவில்லை. ஐந்தும் இரண்டும் தனித்தனியே நிற்பதாகவே காண்கிறது.

இவ்விடத்தில் நாம் வழக்கமாகச் சொல்வது, “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்பதாகும். கடன் எனில் திருப்பித் தரவேண்டும் அன்றோ? இக்கணக்கில் எவரும் எதையும் திருப்பித் தருவதில்லை. கடைப் பற்று இன்னதென்று வீட்டிலேயே அறிந்த தோட்டப் பிள்ளைகளுக்கு இச்சொல் குழப்பத்தையே தரும். “மாற்றுதல்” என்பதே பொருந்தும் சொல்.

கவ்வாத்து செய்த தேயிலைச் செடிகளின் காய்ந்த குச்சிகள் நம் மலையில் எளிதிற் கிடைக்கும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் பிள்ளையின் முன் வையுங்கள். 38 குச்சிகளை எடுக்கச் சொல்லுங்கள். தனிக் குச்சி எட்டு இல்லையாதலால், பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது நான்கு கட்டுகள், பன்னிரண்டு குச்சிகள். மொத்தம் இன்னும் 52தான். ஒரு குச்சியும் கூடவில்லை, குறையவில்லை. இதனைப் பிள்ளை தன் வாயால் சொல்லும் வரை அடுத்த படிக்குச் செல்லலாகாது. மூன்று கட்டும் எட்டுக் குச்சியும் எடுத்தபின் எஞ்சுவது 14. பத்து வெள்ளித் தாளைச் சில்லறை மாற்றிக் காட்டுவதும் நன்றே. ஆயினும் தாளில் பத்து இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் குச்சி முதலில், பணம் பிறகு.

நம் மொழி இதற்குப் பெருந்துணை. நாற்பது என்னும் சொல்லிலேயே நான்கு பத்து இருக்கிறது. பழந்தமிழ் எண்குறியில் 52ஐ ௫௰௨ என்று எழுதினர். ஐந்து, பத்து, இரண்டு. ஆனால் தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய இரண்டிலும் எச்சரிக்கை வேண்டும். தொண்ணூறு என்னும்போது நூறும், தொள்ளாயிரம் என்னும்போது ஆயிரமும் காதில் விழுகின்றன. அவை ஒன்பது பத்து, ஒன்பது நூறு என்று தனியே பழக்குதல் நலம்.

பூச்சியம் வரும் கணக்கே உண்மையான சோதனை. போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டது. 2003-இல் அதற்கு வயது எத்தனை? (நடுவில் இரு பூச்சியம் வரவேண்டும் என்றே இவ்வாண்டைத் தேர்ந்தேன்.) ஓர் ஆயிரத்தைப் பத்து நூறாக்கி, அதில் ஒரு நூறைப் பத்துப் பத்தாக்கி, அதில் ஒரு பத்தை ஒன்றுகளாக்க வேண்டும். மூன்று முறை மாற்றுவதற்குள் பிள்ளை வழி தவறிவிடும். இன்னொரு வழி உண்டு. 2003இல் 200 பத்துகளும் 3 ஒன்றுகளும் உள்ளன. ஒரு பத்தை மாற்றினால் 199 பத்துகள், 13 ஒன்றுகள். 1929இல் 192 பத்துகளும் 9 ஒன்றுகளும் உள்ளன. எஞ்சுவது 7 பத்து, 4 ஒன்று, ஆக 74.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மேலே பத்துச் சேர்த்துக் கீழே ஒன்று கூட்டும் முறையைச் சிலர் கற்றிருப்பீர்கள். அம்முறை தவறன்று, இரண்டிலும் பத்தைக் கூட்டுவதால் வேற்றுமை மாறாது. எனினும் அதன் காரணம் பிள்ளைக்கு எளிதில் விளங்காது. 1949-இல் அமெரிக்காவில் பிரௌனல், மோசர் என்போர் வெளியிட்ட ஆய்வில், பொருள் விளக்கிக் கற்பித்தபோது மாற்றும் முறையே மேம்பட்டு நின்றது. பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரு முறைகளையும் ஒருங்கே திணித்தால், பிள்ளை மேலேயும் குறைத்துக் கீழேயும் கூட்டிவிடும். சம்பளச் சீட்டில் சேமநிதி, முன்பணம் எனப் பிடித்தம் போக மிஞ்சுவதை அப்பிள்ளையே சரிபார்க்க வேண்டிய நாளும் வரும்.

விடுமுறையில் குச்சிகளைக் கொண்டு செய்து பார்க்க: 60−27, 81−45, 103−58. குச்சியின்றிச் செய்ய: 305−148, 1000−376. வந்த விடையுடன் கழித்த எண்ணைக் கூட்டிச் சரிபார்க்கவும்.