டி-டேயும் மிதந்த துறைமுகமும்

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படையினர் சுமார் 1,56,000 பேர் கடல் வழியாகவும் வான் வழியாகவும் பிரான்சின் நார்மண்டியில் இறங்கியதுதான் ‘டி-டே’. வீரத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் உண்டு. சிவில் மாணவனான எனக்கு வேறொரு கேள்வி. இறங்கியவர்களுக்குச் சோறும் தோட்டாவும் எந்தத் துறைமுகம் வழியாகப் போகும்? துறைமுகங்கள் ஜெர்மானியர் கையில். 1942-ல் தியெப் துறைமுகத்தைத் தாக்கிப் படுதோல்வி கண்டாயிற்று.

ஆகவே துறைமுகத்தையே செய்து இழுத்துக்கொண்டு போனார்கள்! பெயர் ‘மல்பெரி’. உள்ளே வெற்றிடம் விட்ட கான்கிரீட் பெட்டிகள். பெரியது ஒன்று சுமார் 6,000 டன். இங்கிலாந்திலிருந்து மிதக்கவிட்டு இழுத்துப் போய், தண்ணீரைப் புகவிட்டு அமிழ்த்தினால் அலைதடுப்புச் சுவர் ரெடி.

கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாவிடம் சொன்னேன். “கான்கிரீட்டு மிதக்குமாடா?” என்று சிரித்தார். வாளித் தண்ணீரில் தூக்குச்சட்டியை மிதக்கவிட்டுக் காட்டினேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான், என் பாடத்தில் அவர் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்: “தண்ணி ஏறி எறங்குமே, சரக்கு எறக்குற மேடை எப்படிடா நிக்கும்?”

நல்ல கேள்வி. அங்கே ஓதம் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்கும். மேடையின் இரும்புக் கால்கள் கடல் தரையில் ஊன்றி நிற்க, தளம் மட்டும் தண்ணீரோடு மேலும் கீழும் நகரும்.

ஜூன் 19-ல் தொடங்கிய புயல் அமெரிக்கர்களின் மல்பெரியை நாசமாக்கியது. அர்ரோமான்ஷில் ஆங்கிலேயர் அமைத்தது தப்பி, மாதக்கணக்கில் உழைத்தது. அதன் பெட்டிகள் சில இன்றும் அந்தக் கடலில் நிற்கின்றன.