ஷட்டருக்கு அந்தப் பக்கம் கடல்

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று காவிரி டெல்டாவில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை நம்பித்தான் சம்பாவுக்கு நாற்று விட்டார்கள், வடிகாலும் வெட்டினார்கள். இப்போது மழை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற கதிர் தண்ணீரில் சாய்ந்தது. வடிகாலைப் பற்றிய நம் பேச்சு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

"நெல்லு தண்ணிப் பயிரு, நின்னா என்ன ஆயிடும்?"

பாதி சரி. நெல் தண்டுக்குள் காற்றறைகள் உண்டு. இலை வாங்கும் காற்று அவற்றின் வழியே வேருக்கு இறங்கும். அதனால்தான் இரண்டு அங்குலத் தண்ணீரில் நெல் செழிக்கிறது, உளுந்து அழுகுகிறது. ஆனால் இலை நுனியும் மூழ்கிவிட்டால் மூச்சுக்கு வழியில்லை. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கலங்கல் தண்ணீர் என்றால் வெளிச்சமும் கிடைக்காது. தலையை வெளியே நீட்ட, சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துப் பயிர் நெடுநெடுவென வளரும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் படுத்துவிடும்.

மூழ்கிக் கிடக்கும் வயலில் யூரியா வீசுவதும் வீண்தான். வடிந்த பிறகு, ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்தால் பயிர் தேறும்.

"மோட்டார் வெச்சு இறைச்சுப்புடலாம்"

ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் 4 லட்சம் லிட்டர். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டார் 11 மணி நேரம் ஓட வேண்டும். இறைத்த தண்ணீர் போகிற இடம் பக்கத்து வயல். அங்கும் ஒருவர் மோட்டார் வைத்திருப்பார்.

"வடிகாலை இன்னும் ரெண்டடி ஆழமா வெட்டினா சரியாப் போயிடும்"

எல்லாரும் நம்புவது இதைத்தான். ஜேசிபி இறங்கி மண் அள்ளினால் வேலை நடந்தது கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா? மேட்டுப் பகுதியில் வண்டல் மேவிய வாய்க்காலுக்குத் தூர்வாருவது நல்லதுதான். ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அகற்றினாலே ஓட்டம் கூடும். கடலை ஒட்டிய கடைமடையின் கதை வேறு.

தண்ணீர் ஓடுவது மட்ட வித்தியாசத்தால். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நிலம் பாய் விரித்தாற்போலக் கிடக்கிறது. வடிகாலின் நீர்மட்டமும் முகத்துவாரத்தில் கடலின் மட்டமும் ஒன்றாகிவிட்டால், தரையை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் தண்ணீர் நகராது. அண்டாவை ஆழமாக்கினால் கூடுதலாகப் பிடிக்கும், வழிந்து ஓடுமா? அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறும். புயல் நேரத்தில் காற்றழுத்தம் குறைந்து, காற்றும் கரைநோக்கித் தள்ள, இன்னும் ஏறும். பெருமழை கொட்டுவதும் அதே நேரத்தில்தான். போதாததற்கு, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மேட்டு நிலத்துக்காரருக்கு 20 சென்டிமீட்டர் பெரிதாகத் தெரியாது. சாண் சாணாக மட்டம் பார்த்து வடியும் நிலத்துக்கு அது பெரிய அளவு.

ஆழமாக்கிய வடிகால் கோடையில் திருப்பித் தாக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது கடல் அதே பள்ளத்தின் வழியே உள்ளே வரும், கிணறு உப்பாகும். ஆகவே கடைமடைக்குத் தேவை வெறும் பள்ளம் அல்ல, கதவு: கடல் இறங்கும்போது திறக்கவும் ஏறும்போது மூடவும் ஷட்டர் உள்ள ரெகுலேட்டர், அதை நேரம் பார்த்து இயக்க ஓர் ஆள். வெண்ணாறு உபவடிநிலத்துக்கு 2016-இல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது இத்தகைய வேலைகளுக்காகத்தான். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவை அதில் அடங்கும்.

"வெள்ளம் தாங்குற ரகம்தான் வந்திருச்சே"

சுவர்ணா சப்-1, சி.ஆர்.1009 சப்-1 நல்ல ரகங்கள். ஒடிசா நெல் ஒன்றிலிருந்து வந்த சப்-1 மரபணு, மூழ்கிய பயிரை உயரம் தேடி ஓடவிடாமல் அடக்கி, சக்தியைச் சேமிக்க வைக்கும். சுமார் இரண்டு வாரம் தாங்கும். அதற்குப் பிறகும் வடியாவிட்டால்? நேரடி விதைப்பில் முளைக்காத விதையையும், தை மாதம் சாய்ந்த கதிரையும் இந்த மரபணு காப்பாற்றாது. ரகம் நமக்கு வாங்கித் தருவது அவகாசம். அந்த அவகாசத்தில் தண்ணீர் போக வழி இருக்க வேண்டும்.

"மழையே கொறஞ்சு போச்சு, வடிகால் எதுக்கு?"

2015 வடகிழக்குப் பருவத்தில் வெள்ளம். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் பருவமழை 62 சதவீதம் குறைவு. ஒரு டிகிரி சூடேறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, இடைவெளியில் காய்கிறது. இரண்டுக்கும் ஒரே வடிகால்தான் ஈடுகொடுக்க வேண்டும். சம்பா அறுப்புக்கு முன் தெளிக்கும் உளுந்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பியே முளைக்கிறது. ஒட்ட வடித்துவிட்டால் அதுவும் போச்சு.

"வடிகால் கவர்மெண்டு வேலை"

ஆறு அரசின் வேலை, சரி. ஆனால் தண்ணீர் முதலில் தேங்குவது ஊருக்குள் ஓடும் சின்ன வாய்க்காலில். ஆடி, ஆவணியில் உங்கள் மடையிலிருந்து ஆறு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். களத்துக்கு வண்டி போக யாரோ போட்ட பாதை இருக்கும். மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் உள்ள வாய்க்காலுக்குக் குறுக்கே, அந்தப் பாதைக்கு அடியில் ஒன்றரை அடிக் குழாய் ஒன்று கிடக்கும். அதன் வாய், வாய்க்காலின் வாயில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் பாதியை வைக்கோல் அடைத்திருக்கும்.