வீட்டையும் கொல்லையையும் பாம்பு அணுகாமற் காக்கும் முறைகள்

சங்க அங்கத்தினர் ஒருவர் கடன் மனுக் கொடுத்தால், அவருடைய நிலம், விளைச்சல், முன் பாக்கி, ஜாமீன்தாரரின் நாணயம் ஆகிய யாவற்றையும் நிர்வாகக் குழுவினர் விசாரிக்கின்றனர். அது முறையே. ஆயினும் அக்கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டிய மனிதர் இரவில் வெறுந்தரையிற் படுக்கிறாரா, வைக்கோற்போரை வாசற்படிக்கு அருகில் வைத்திருக்கிறாரா என்பதை எவரும் விசாரிப்பதில்லை. குடும்பத் தலைவன் பாம்பு தீண்டி இறந்தால் கடன் நிலுவையாவது சிறு நஷ்டமே. மனைவி கூலிக்குச் செல்வதும், பிள்ளைகள் படிப்பை விடுவதும், நிலம் கைமாறுவதும் பெரு நஷ்டங்களாகும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சியொன்று கணக்கிட்டிருக்கிறது. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர். இவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். ஏறக்குறையப் பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் நேர்ந்தவை. இதைத் தலைவிதியென்று விட்டுவிடுதல் தகாது. பாம்பு காரணமின்றி வீட்டை நாடுவதில்லை. அக்காரணங்களை நீக்குவது நம் கையிலிருக்கிறது.

பாம்பு வருவதற்குரிய காரணங்கள்

காரணங்கள் மூன்று. முதலாவது இரை. எலி, சுண்டெலி, தவளை, பல்லி இவை மிகுந்த இடத்துக்குப் பாம்பு வரும். இரண்டாவது மறைவிடம். பாம்பு தானாக வளை தோண்டுவது அரிது. எலியும் பெருச்சாளியும் தோண்டியதிலும், கறையான் புற்றிலும், கல், விறகு, ஓலைக் குவியல்களிலும் புகுந்து கொள்ளும். மூன்றாவது, கோடையில் ஈரமும் குளிர்ச்சியும். மழையில் வளைகள் நீரால் நிரம்பும்போது உலர்ந்த மேட்டிடம். இம்மூன்றும் இல்லாத வீட்டைப் பாம்பு கடந்து போகுமேயன்றி அங்குத் தங்காது.

அறிந்துகொள்ள வேண்டிய நான்கு

நம் நாட்டுப்புறத்தில் மனித உயிரைப் பெரும்பாலும் போக்குபவை நான்கு பாம்புகள். நல்ல பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருவது, படமெடுத்து எச்சரிக்கும். கண்ணாடி விரியன் பருத்த உடலில் சங்கிலிபோன்ற புள்ளி வரிசைகளை உடையது. வயல், வரப்பு, புதர், கதிர்க்கட்டு ஆகியவற்றின் அருகே அசையாமற் கிடந்து, மிதித்தால் உரத்துச் சீறிக் கடிக்கும். சுருட்டை விரியன் சிறியது. வறண்ட கல்லாங்காடுகளில் கற்களுக்கடியிற் கிடக்கும். செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து ஓசை செய்யும்.

நான்காவதான கட்டுவிரியனே வீட்டுக்குள் மிக அபாயமானது. பளபளப்பான கருமேனியில் மெல்லிய வெண்பட்டைகள் உள்ள இது பகலில் ஒடுங்கி, இரவிற் சஞ்சரிப்பது. தரையில் உறங்குபவருடைய பாய்க்குள் புகுந்து, அவர் புரளும்போது கடித்துவிடும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அநேகமாக இரா. எறும்பு கடித்ததென்று எண்ணி மீண்டும் உறங்கியவர், விடியுமுன் வயிற்று வலியும், இமை தொங்குதலும், பேச்சுக் குழறுதலும் கண்டு, மூச்சடங்கி இறப்பதுண்டு.

சாரைப் பாம்புக்கு விஷமில்லை. அது எலிகளைத் தின்று உழவனுக்கு உதவுவது. ஆயினும் விஷமுள்ளது எது, அற்றது எது என்று கையாற் பிடித்துச் சோதித்தல் யாருக்கும் வேண்டாம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

கதவை அடைத்தபின் அதன் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பகலில் உள்ளிருந்து பாருங்கள். விரல் நுழையும் சந்திருந்தால் சிறு பாம்பும் நுழையும். கதவின் அடியில் மரச்சட்டமோ ரப்பர்ப் பட்டையோ அடித்துச் சந்தை மூடவேண்டும். சாக்கடைத் துவாரத்துக்கும் காற்றுப் புழைகளுக்கும் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை பொருத்த வேண்டும். சுவர்ப் பிளவையும் தரை வெடிப்பையும் எலி வளையையும் சிமெண்டுச் சாந்தால் அடைக்கலாம். மண் சுவராயின் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் கல்லும் இட்டு இறுக்கி, மேலே பூசுதல் நலம். வெறும் மண்ணை எலி மறுநாளே தோண்டிவிடும்.

தானியத்தை மூட்டையாகச் சுவரோரம் அடுக்காமல், மூடியுள்ள குதிரிலோ தகரப் பெட்டியிலோ வையுங்கள். மூட்டைகளே வைக்க நேர்ந்தால், பலகை மேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஓர் ஆள் நடக்க இடம் விடவேண்டும். இரவில் எச்சிலும் சோற்றுப் பருக்கையும் அடுக்களையிற் கிடக்கலாகாது. எலிக்கு விருந்து வைத்தால் எலியைத் தேடும் விருந்தாளியும் பின்னால் வருவான்.

கொல்லையும் மாட்டுக் கொட்டிலும்

வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்பூண்டின்றி வெறுந்தரையாக வைத்திருங்கள். திறந்த வெளியைக் கடக்கப் பாம்பு தயங்கும். கடந்தாலும் நம் கண்ணிற்படும். வைக்கோற்போர், விறகு, எருக்குழி, பழைய ஓடு, செங்கல் ஆகியவை வீட்டுச் சுவரை ஒட்டியிருத்தல் கூடாது. விறகையும் வறட்டியையும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரமான கால்களின்மேல் அடுக்கினால் அடியிற் பெருக்கவும் பார்க்கவும் இயலும். அடுப்புக்கு விறகு எடுக்கச் செல்லும் பெண்மணிகள் முதலிற் கோலால் தட்டி, பகல் வெளிச்சத்திலேயே மறுநாளைக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

கூரையைத் தொடும் மரக்கிளைகளையும் கொடிகளையும் வெட்டுங்கள். வேலி அடியைப் பருவந்தோறும் செதுக்குங்கள். கோழி முட்டையும் குஞ்சும் நல்ல பாம்பை இழுப்பவை. ஆதலால் கோழிக்கூடு படுக்குமிடத்திலிருந்து தள்ளியிருப்பதோடு, அதன் கம்பிவலை நெருக்கமான கண்ணுடையதாகவும் இருத்தல் வேண்டும். தொட்டியடியிலும் கிணற்றடியிலும் நீர் தேங்கினால் தவளை சேரும். வாய்க்கால் வெட்டி அந்நீரை வாழைக்குப் பாய்ச்சிவிடலாம்.

எலியை ஒழித்தலே தலையாய வேலை

ஓர் எலி நாளொன்றுக்கு 20 கிராம் தானியம் தின்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏழு கிலோவுக்கு மேலாகிறது. நூறு எலிகள் உள்ள தெருவில் 700 கிலோ போகிறது. கழித்துக் கொட்டி வீணாக்குவது தனி. பாம்பைத் தடுக்கும் செலவை எலி மீதியாக்கும் தானியமே கொடுத்துவிடும்.

ஆனால் ஒரு வீட்டார் மட்டும் எலி பிடித்தாற் பயனில்லை. அடுத்த வீட்டு எலி ஒரு வாரத்தில் அவ்விடத்தை நிரப்பும். தெரு முழுவதும் ஒரே வாரத்திற் பொறி வைக்க வேண்டும். வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும், ஆந்தை அமர்வதற்குக் கோல் நடுவதும் நல்ல வழிகள். குழந்தைகளும் கோழிகளும் நடமாடும் வீட்டில் எலி விஷத்தைத் தவிர்த்துப் பொறியையே உபயோகிக்க வேண்டும்.

பயனற்ற உபாயங்கள்

பூண்டு நசுக்கித் தெளித்தல், பினாயில் ஊற்றுதல், கந்தகம் தூவுதல், வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டுதல், சிறியாநங்கை நடுதல் முதலியவற்றைப் பலர் நம்புகின்றனர். இவை பாம்பைத் தடுப்பதாக நிரூபணமில்லை. கார்பாலிக் அமிலம் குழந்தைகளின் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். செடியை நடுவதால் தீங்கில்லை. செடி இருக்கிறதென்று கதவுச் சந்தை அடைக்காமல் விடுவதே தீங்கு.

உறங்கும்போதும் நடக்கும்போதும்

தரையிற் படுப்பதை விடக் கட்டில் மேலானது. கட்டிலோ பாயோ, கொசுவலை கட்டி அதன் ஓரங்களைப் படுக்கைக்கடியில் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். நேபாளத்தின் தென்கிழக்குக் கிராமங்களிற் செய்து 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, வலைக்குள் உறங்குவது பாம்புக் கடியிலிருந்து காக்கிறதெனக் காட்டியது. கொசுவுக்கு வாங்கும் வலை கட்டுவிரியனையும் தடுக்கிறது. ஒரு செலவில் இரு லாபம்.

இரவில் வெளியே செல்பவர் டார்ச்சு விளக்கின்றி ஓரடியும் வைக்கலாகாது. நீர் பாய்ச்சவும் அறுப்புக்கும் செல்பவர் கணுக்காலை மூடும் ரப்பர்ப் பாதரட்சை அணிதல் வேண்டும். கதிர்க்கட்டை எடுக்குமுன் கோலாற் புரட்டிப் பார்க்க வேண்டும். வாசலிற் கழற்றிய செருப்பைக் காலையில் உதறிவிட்டு அணிவது நற்பழக்கம்.

பாம்பைக் கண்டால்

அடிக்க ஓடாதீர்கள். அடிக்கச் சென்று கடிபட்டவர்கள் பலர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றமுமாகும். குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி, தூரத்தில் நின்று அது எங்கே செல்கிறதென்று ஒருவர் கவனிக்க, மற்றொருவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத் துறைக்கோ தகவல் தரவேண்டும். வெளியே செல்ல வழியிருந்தால் அது தானாகவே சென்றுவிடும்.

தீண்டிவிட்டால்

கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாமற் படுக்க வைத்துத் தைரியம் சொல்லுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் இவற்றைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோலக் கடிபட்ட காலையோ கையையோ சட்டம் வைத்து அசையாமற் கட்டுங்கள். 108 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். வண்டி தாமதிக்குமாயின் கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள்.

இறுக்கிக் கயிறு கட்டுதல், கத்தியாற் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சாராயம் கொடுத்தல் ஆகியவை கேடு செய்பவை. மந்திரிக்கவும் பச்சிலை தேடவும் செலவிடும் நேரம் உயிரின் நேரமாகும். விஷமற்ற பாம்பு தீண்டியவர்களும், பாம்பு விஷம் செலுத்தாமற் கடித்தவர்களும் எவ்வித வைத்தியமுமின்றிப் பிழைப்பர். அதைக் கண்டே மந்திரத்துக்குப் பெயர் உண்டாகிறது. உடலிற் பரவிய விஷத்தை முறிப்பது ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறி மருந்து ஒன்றுதான். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் நாட்டு மருந்து மேற்சொன்ன நான்கின் விஷத்துக்கும் பொதுவானது. வலியில்லாவிடினும், சந்தேகமிருந்தால் போய் ஒரு நாள் முழுதும் வைத்தியர் பார்வையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 நவம்பரில் பாம்புக் கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக அறிவித்தது.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உதாரணம்

அம்மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் விஷமே. அதைச் சிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து செய்கின்றனர். மருந்துச் சாலைகளுக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் முதன்மையாக நின்றது செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமாகும். முன்னே தோலுக்காகப் பாம்பைப் பிடித்து வியாபாரிக்கு அற்ப விலைக்கு விற்ற மக்கள், அத்தொழில் சட்டத்தால் நின்றபின், சங்கமாகச் சேர்ந்து, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து, மீண்டும் காட்டில் விடும் முறையை மேற்கொண்டனர். இவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆஸ்பத்திரியில் உயிர் பிழைக்கும் உழவன் ஒருவன், தான் கண்டிராத வேறொரு சங்கத்து அங்கத்தினரின் உழைப்பாற் பிழைக்கிறான் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் சங்கம் செய்யத்தக்கவை

1. கொசுவலை, டார்ச்சு விளக்கு, ரப்பர்ப் பாதரட்சை, கம்பிவலை, எலிப்பொறி ஆகியவற்றுக்கு அங்கத்தினரிடம் தேவைப் பட்டியல் பெற்று, மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்குக் கொடுத்தல்.

2. அறுப்புக்குப் பின்னும் மழைக்கு முன்னும் ஒவ்வொரு வாரம் குறித்து, தெருத்தோறும் எலி ஒழிப்பும் கொல்லைச் சுத்தமும் செய்வித்தல்.

3. சங்கக் கிடங்கை முதலிற் சீர்திருத்துதல். எலி ஓடும் கிடங்கை வைத்துக்கொண்டு பிறருக்குப் போதிப்பது எடுபடாது.

4. விஷமுறி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள அருகாமை ஆஸ்பத்திரி எதுவெனக் காரியதரிசி நேரில் விசாரித்து, அதன் பெயர், தூரம், இரவில் கிடைக்கும் வாகனத்தாரின் எண் ஆகியவற்றைச் சங்கப் பலகையிற் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல்.

5. வலையும் கட்டிலும் வாங்க இயலாத ஏழை அங்கத்தினருக்கு, உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், பொது நல நிதியிலிருந்து உதவுதல்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் தரையிற் படுப்பவர் எத்தனை வீட்டில் உள்ளனர்? அவர்களுள் எத்தனை பேருக்கு வலையுண்டு?

2. வைக்கோற்போரும் விறகும் சுவரை ஒட்டியுள்ள வீடுகள் எவை? அவற்றை நகர்த்த எத்தனை ஆள் வேலை பிடிக்கும்?

3. கட்டுவிரியன் கடியை ஏன் பலர் உணர்வதில்லை? அதன் அறிகுறிகள் யாவை?

4. இன்றிரவு ஒருவருக்குக் கடி நேர்ந்தால், எந்த வாகனத்தில், எந்த ஆஸ்பத்திரிக்கு, எவ்வளவு நேரத்திற் செல்லக் கூடும்?

நான்காம் வினாவுக்குக் கூட்டம் கலையுமுன் விடை எழுதப்பட வேண்டும். மற்றவற்றை மழைக்கு முன் செய்து முடித்தாற் போதுமானது.