பாலமும் கைத்தொழிலும்

மண்டபத்திலிருந்து புறப்படும் இரயில் வண்டி கடலைக் கடந்ததும் முதலில் வருவது பாம்பன். அதனை அடுத்து அக்காள்மடமும், அதற்கு அப்பால் தங்கச்சிமடமும் அமைந்துள்ளன. இராமேசுவரத்திற்கு நடந்து சென்ற யாத்திரிகர்கள் தங்கி உண்ணுதற்கு எழுந்த மடங்களே இவ்வூர்களுக்குப் பெயர் தந்தன என்பர். பல நாட்டாரும் வந்து செல்லும் வழியில் உள்ள ஊராதலின், அயலாரைக் கண்டு வியப்பது இவ்வூரார்க்கு வழக்கமன்று.

ஆயினும் 2020ஆம் ஆண்டு முதல் இத்தீவிற்கு வந்து தங்கியவருள் பலர் யாத்திரிகர் அல்லர், தொழிலாளர். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் அருகே புதிய பாலம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அது 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. பழைய பாலத்தின் நடுப்பகுதியைத் தொழிலாளர்கள் தம் கைவலிமையால் பொறியைச் சுழற்றித் திறந்தனர். புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வருங்கால் மின்பொறியின் விசையால் நேர் மேலே எழுகின்றது.

இத்தகைய வேலைக்கு வேண்டுவது உடல்வலிமை மட்டுமன்று. உப்புக் காற்று இரும்பை அரிக்கும் இயல்புடையது. இணைப்பில் நூலளவு பிளவு இருப்பினும் துரு அங்கே புகுந்துவிடும். ஆதலின் எஃகுத் துண்டங்களைப் பற்றவைத்து இணைத்தனர். பற்றவைத்த இடத்தின் உட்குறை கண்ணுக்குப் புலப்படாது. ஒலியலைகளைச் செலுத்தியே ஆராய்ந்தனர். அச்சோதனைக்கு நிற்குமாறு பற்றவைக்கும் கை, பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது. அக்கையுடையோரை வேலையை ஏற்றவர்கள் வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் அழைத்து வந்தனர். வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து, வெயிலிலும் காற்றிலும் கடல்மேல் நின்று உழைத்த அவர்களைக் குறைகூறுவதற்கு இடமில்லை. நம்மவரும் வளைகுடா நாடுகளில் அவ்வாறே உழைக்கின்றனர் அல்லரோ?

எனினும் ஒரு வினா எழுகின்றது. கடலின் நீரோட்டத்தையும் காற்றின் போக்கையும் இளமையிலேயே அறிந்த அக்காள்மடத்து இளைஞன், தன் ஊரருகே நடந்த வேலையில் சுமை தூக்குவதற்கு மேல் எதற்குத் தகுதி பெற்றிருந்தான்?

பற்றவைக்கும் தொழிலைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டில் கற்கலாம். எட்டாம் வகுப்புத் தேறியவரும் அதில் சேரலாம். அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இராமநாதபுரத்தில் இருக்கின்றது. அக்காள்மடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். பழைய பாலம் பழுதுற்றமையால் 2022 டிசம்பர் முதல் புதிய பாலம் திறக்கும் வரை இரயில் வண்டிகள் தீவிற்கு வரவில்லை, பேருந்தே துணையாயிற்று. தொலைவினும் பெரிய தடை வேறொன்று உண்டு. படகில் செல்லும் மகனுக்கு மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கு உண்டு. அவன் ஓராண்டு வகுப்பில் அமர்ந்தால் வீட்டிற்கு அப்பங்கு இல்லை. 2022இல் மாணவியர்க்கும் 2024இல் மாணவர்க்கும் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை நல்லதே. ஆயினும் உலை வைக்கும் வீட்டார் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவே செய்வர்.

தொழில் பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. தொழில் நடத்துவோர் பழகுநரைச் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகையும் தந்து, தொழில் கற்பிக்க அது வழிசெய்தது. ஆனால் அப்பழகுநர் வேலை நடக்கும் ஊரைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கவில்லை. பாலம் கட்டுவோர் வேலை முடிந்ததும் வேறிடம் செல்பவர். தொழிற்சாலைபோல் ஓரிடத்தில் நிலைத்திருப்பவர் அல்லர். அவர்களிடம் கற்பதானால், வேலை தொடங்குவதற்கு முன்னரே ஊரார்க்கு இடம் கேட்டிருத்தல் வேண்டும்.

இக்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம்பெருகுவதற்காக விதிக்கப்பட்ட தடைக்காலம் அது. படகுகள் பழுதுபார்க்கப்படும், இளைஞரின் கைகளோ பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அந்நாட்களில் பயிற்சியாளரும் பொறிகளும் தீவிற்கே வந்தால், வீட்டார் பங்கை இழக்க வேண்டியதில்லை. 61 நாளில் முழுத்தொழிலும் கைவராது என்பது உண்மைதான். ஆனால் எஃகைப் பிடிக்கவும், தீப்பொறிக்கு அஞ்சாது கண்காப்பை அணிந்து நிற்கவும், நேர்கோட்டில் ஓர் இணைப்பு இடவும் அந்நாட்கள் போதும். மறு ஆண்டு எஞ்சியதைத் தொடரலாம்.

பாலம் கட்டியோர் தம் மூட்டைகளுடன் சென்றுவிட்டனர். பாலமோ உப்புக் காற்றில் நிற்கின்றது. அதன் கம்பி வடங்களுக்கு எண்ணெயிடவும், துருவைச் சுரண்டி வண்ணம் பூசவும் ஆண்டுதோறும் ஆட்கள் வேண்டும்.