பல ஆன்டெனாத் தொடர்பும் அலைத்தட மாதிரியும்

கோபுரத்தில் நான்கு ஆன்டெனாக்களையும் பெறுகருவியில் நான்கினையும் பொருத்தினால், கூடுதல் அலைக்கற்றையோ மின்திறனோ இன்றி ஏறத்தாழ நான்கு மடங்குச் செய்தியை அனுப்பலாம் என நூல்கள் கூறும். 1990களில் இவ்வழியைத் திறந்தவர்களுள் இந்தியக் கடற்படையில் பணியாற்றிய ஆரோக்கியசாமி பால்ராஜ் குறிப்பிடத்தக்கவர். ஆயின், அந்த நான்கு மடங்கு ஓர் அனுமானத்தைச் சார்ந்தது.

அவ்வனுமானம் யாது? பெறுகருவிக்கு வந்து சேர்பவை நான்கு கலவைகள். அவற்றிலிருந்து அனுப்பிய நான்கினைப் பிரித்தெடுப்பது, பள்ளியில் கற்கும் ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பதை ஒத்தது. இரு எண்களின் கூட்டுத்தொகை 5; அவற்றின் இருமடங்குகளின் கூட்டுத்தொகை 10 என்றால், இரண்டாவது கூற்று புதிதாக எதனையும் உரைக்கவில்லை. எண்கள் எவை என்று கூற இயலாது. கட்டடங்களில் பட்டுச் சிதறிய அலைகள் பல திசைகளிலிருந்தும் வரும்போது சமன்பாடுகள் வேறுபடுகின்றன. கோபுரம் நேரே தெரியும் வெட்டவெளியில் அவை ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. அங்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளவிளைவுகளைக் கொண்டு இரண்டு ஓடைகளைப் பெறலாம். நான்கு கிடைப்பது அரிது.

ஆன்டெனாக்களின் இடைவெளியும் கருதத்தக்கது. கைபேசியைச் சுற்றிலும் சிதறல் மிகுதி. எனவே அரை அலைநீளம் போதும். கூரைகளுக்கு மேல் உயர்ந்த கோபுரத்திற்கோ அலைகள் குறுகிய கோணத்திலேயே வருகின்றன. அங்குப் பல அலைநீள இடைவெளி வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். பத்து அலைநீளம் நான்கு மீட்டரைத் தாண்டும். இவ்வளவு அகலமான சட்டத்தைக் கோபுர உச்சியில் யார் ஏற்றுவார்?

ஆகவே அலைத்தட மாதிரியில் கோணப் பரவல், நேர்காட்சி வாய்ப்பு, கோபுர இடைவெளி ஆகியன இடம்பெற வேண்டும். இவை நிலத்திற்கு நிலம் மாறுபடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐந்தாம் தலைமுறைக்கு 2017இல் வகுத்த மதிப்பீட்டு நெறிகளில், ஊரகக் கோபுரங்களின் இடைவெளி இரு அமைப்புகளில் 1,732 மீட்டர். இந்தியாவின் வற்புறுத்தலால் 6,000 மீட்டர் இடைவெளி கொண்ட மூன்றாம் அமைப்பும் சேர்க்கப்பட்டு, சராசரி அலைக்கற்றைத் திறனுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டின் பல பகுதிகளில் வீடுகள் ஓரிடத்தில் நெருங்கியும், ஊர்களுக்கிடையே வயல்கள் விரிந்தும் கிடப்பதை நோக்கினால் இதன் தேவை விளங்கும்.

அறுகோண அமைப்பில் முன்னதன் எல்லை கோபுரத்திலிருந்து 1 கிலோமீட்டர். பின்னதில் ஏறத்தாழ மூன்றரை. தூரத்தின் நான்காம் படியாக அலைவலிமை குறையுமிடத்தில், பின்னதன் எல்லையில் கிடைப்பது முன்னதில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. அத்தகைய வலுவற்ற நிலையில் ஓடைகளைப் பெருக்குவதால் பயன் சிறிதே. எல்லா ஆன்டெனாக்களையும் ஒருங்கிணைத்து ஒரே கற்றையாகப் பயனாளியை நோக்கிச் செலுத்துவதே தக்கது. ஆதலின் கருவி வாங்கும் அலுவலர், நான்கு மடங்கு என்னும் விளம்பரத்தைக் காணுங்கால், அது எந்த இடைவெளிக்கு, எத்தகைய சிதறலுக்குக் கணக்கிடப்பட்டது என வினவுதல் வேண்டும்.