ஊர்ப் பள்ளியா, கொடைக்கானல் பள்ளியா?

கேள்வி: நாங்கள் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அங்கேயே எட்டு வரை படிக்கலாம். என் நாத்தனாரோ, "கொடைக்கானல் அரசு மேல்நிலைப் பள்ளியில சேர்த்துவிடு, அங்கதான் ரிசல்ட் நல்லா வருது" என்கிறார். பஸ்ஸில் போக ஒரு மணி நேரம் ஆகும். கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் போடலாமா என்று கணவர் யோசிக்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

- ஒரு தாய், மேல்மலை

பதில்: அம்மா, உங்கள் நாத்தனார் சொல்வது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட். ஆறு, ஏழு, எட்டில் அந்தப் பள்ளி எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பது அதில் தெரியாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சிதான், பொதுத்தேர்வும் கிடையாது. மலைப் பள்ளிகளில் வகுப்புகளும் சிறியவை. பன்னிரண்டு பேர் எழுதி ஒரு பிள்ளை தவறினாலே தேர்ச்சி விழுக்காடு எட்டுக்கு மேல் இறங்கிவிடும். அதை வைத்து ஒரு பள்ளியை மட்டம் என்று சொல்வது அநியாயம்.

முதலில் ஆசிரியர்களைப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழிப் பாடங்கள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குக்குப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை வருடமாக இருக்கிறார், ஊரிலேயே தங்குகிறாரா, தினமும் மலையேறி வருகிறாரா என்று கேளுங்கள். கலந்தாய்வில் ஒருவர் கீழே மாறுதல் வாங்கிப் போனபின் அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடப்பதுதான் மலைப் பிள்ளைகளின் பெரிய இழப்பு. கட்டடம், பெயின்ட், கணினி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது நேரம். சட்டம் இந்த வகுப்புகளுக்கு வருடத்துக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரப் பாடம் என்கிறது. போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் உங்கள் மகளுக்கு வருடத்தில் 440 மணி நேரம் பஸ்ஸில் போகும். பாட நேரத்தில் கிட்டத்தட்ட பாதி! ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ அன்றைக்குப் பள்ளியே இல்லை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பனியில் இருட்டோடு கிளம்பும் பத்து வயதுப் பிள்ளை வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்காரக் கூடாது.

படிப்பு எப்படி என்று பார்க்க, இரண்டு பள்ளிகளிலும் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் இரண்டு மூன்றை வாங்கிப் புரட்டுங்கள். கடைசியாகத் திருத்தியது எப்போது, தப்பான கணக்கைப் பிள்ளை மறுபடி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் அண்மையில் யாராவது தேர்வானார்களா என்றும் கேளுங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் ரூ.12,000 உதவித்தொகை. இங்கிலாந்தில் பள்ளிகளை ஒப்பிட, தொடக்கப் பள்ளி முடித்த நிலையிலிருந்து பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்பதைக் கணக்கிடும் முறையை 2016-இல் கொண்டுவந்தார்கள். நீங்கள் தேட வேண்டியதும் அந்த முன்னேற்றத்தைத்தான்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைக்கும் கேள்வி ஒன்று உண்டு: போன வருடம் உங்கள் ஊரில் எட்டு முடித்த பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதில் சேர்ந்தார்கள்? மலையில் பெண் பிள்ளைகளின் படிப்பு அறுபடும் இடம் இதுதான். உயர்நிலைப் பள்ளி தூரம், பூண்டு அறுவடைக்கு வீட்டில் ஆள் வேண்டும், வயதுக்கு வந்துவிட்டாள் என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும். பாதிப் பேர் நின்றுபோயிருந்தால், உங்கள் நாத்தனார் பேச்சில் நியாயம் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் ஆறிலேயே சேர்ந்த பிள்ளைக்கு எட்டு முடிந்ததும் பள்ளி மாற வேண்டிய முறிவு வராது.

தனியார் பள்ளிக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பெறவும், கல்லூரி போகும்போது மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டத்தில் சேரவும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு அரசுப் பள்ளிகளில் எதில் சேர்த்தாலும் இந்த உரிமை நிற்கும். தனியார் பள்ளிக்குப் போனால் ஆறிலேயே அது கைவிட்டுப் போகலாம்.

கணக்கு, அறிவியலுக்கு நிலையான ஆசிரியர் இருந்தால் ஊர்ப் பள்ளியிலேயே சேருங்கள். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். காலியிடத்தை நிரப்பக் கோரும் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறந்தும் ஆள் வராவிட்டால் கொடைக்கானலுக்கு அனுப்புங்கள், ஆனால் தினமும் பஸ்ஸில் வேண்டாம். நலத்துறை மாணவியர் விடுதியில் இடம் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். விடுதிக்கு வீடு எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்கு இல்லை. சேர்ப்பதற்கு முன் மகளையும் கூட்டிக்கொண்டு போய் விடுதியைச் சுற்றிப் பாருங்கள். இரவில் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.